சட்டைக்குச் சொந்தக்காரன்

அந்தச் சிறைச்சாலையில் திருந்தாத ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். கசங்கிய சீருடை ஒன்றுகூட இருந்ததில்லை. காவலர்களின் கால்சட்டை மடிப்பில் விரலை வைத்தால் ரத்தம் வரும் என்று வெளியே பேசிக்கொள்வார்கள். இந்தப் பெருமைக்கெல்லாம் காரணமானவன் ஒரு கொலைக் குற்றவாளி. வெளியே இருந்தவரை சலவை, இஸ்திரிக் கடை வைத்திருந்தான். உள்ளே வந்த பிறகு அவனுக்கு ஓர் எண்ணும் "மடிப்பு" என்ற பெயரும் கிடைத்தன. எண்ணை ஆபீசில் மட்டும் சொல்வார்கள், மற்ற நேரமெல்லாம் மடிப்புதான்.

மடிப்பு கொலை செய்யவில்லை. இதை அவன் முதல் நாளிலிருந்தே சொல்லிவந்தான். ஆனால் சிறைக்குள் இதைச் சொல்லாத ஆள் யார்? காவலர்களுக்கு இது காலை வணக்கம் மாதிரி. "நான் செய்யலைங்க" என்றால் "சரி, சரி, சாப்பிட்டியா?" என்பார்கள்.

அவன் கடை வாசலில் வரிசையாக ஆணிகள் உண்டு. கடை திறக்கும் முன்பே வேலைக்குக் கிளம்புகிறவர்கள் துணி மூட்டையை அதில் மாட்டிவிட்டுப் போவார்கள். சாயங்காலம் வந்து, "அந்தக் கட்டம் போட்ட மூட்டை என்னுது" என்று சொல்லி வாங்கிக்கொள்வார்கள். ஒருநாள் காலை அவன் பூட்டைத் திறப்பதற்குள் போலீஸ் ஜீப் வந்து நின்றது. முந்தைய இரவு பக்கத்துத் தெரு அடகுக்கடைக்காரரை யாரோ குத்திக் கொன்றிருந்தார்கள். ஆய்வாளர் தம் கையாலேயே ஒரு மூட்டையை ஆணியிலிருந்து எடுத்து அவிழ்த்தார். உள்ளே ஒரு வெள்ளைச் சட்டை, முன்பக்கம் முழுக்க ரத்தம்.

"யாரோடது?"

"தெரியலைங்க. சாயங்காலம் வந்து கேக்கறப்பத்தான் தெரியும்."

"அப்படியா? உள்ள வாங்க, உட்காருங்க. ரெண்டே நிமிஷம்" என்றார் ஆய்வாளர், ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு. அவ்வளவு மரியாதையாக யாரும் மடிப்பிடம் அதுவரை பேசியதில்லை. ஏறி உட்கார்ந்தான்.

சாயங்காலம் அந்தச் சட்டையைக் கேட்டு யாரும் வரவில்லை. நீதிமன்றத்தில் ஆய்வாளர் இதைத்தான் தலையாய சாட்சியமாக வைத்தார். "சட்டைக்குச் சொந்தக்காரன் வரவே இல்லை. ஏன் வரவில்லை? ஏனென்றால் சொந்தக்காரன் ஏற்கெனவே கடையில்தான் இருந்தான்." நீதிபதி கண்ணாடியைக் கழற்றி அவரைப் பாராட்டும் முகமாகப் பார்த்தார். அதே அளவுள்ள வேறொரு சட்டையை மடிப்புக்குப் போட்டுப் பார்த்தார்கள். இன்னும் ஓர் ஆளை உள்ளே குடிவைக்கலாம் போலத் தொங்கியது. "காவலில் இருக்கும்போது இளைத்துவிட்டான். குற்றவுணர்ச்சி உடம்பைத் தின்றிருக்கிறது" என்றார் அரசு வழக்கறிஞர். அன்றே தீர்ப்பு. ஆயுள் தண்டனை.

மனைவி மாதாமாதம் பார்க்க வருவாள். கடையை இப்போது அவள்தான் நடத்தினாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, ஊரில் எல்லாரும் யோசனை சொல்லி அனுப்பியதை அவனிடம் ஒப்பிப்பாள்.

"ஏங்க, செஞ்சது நான்தான், மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா தண்டனையைக் குறைக்கிறாங்களாம். எதுத்த வீட்டுக்காரரோட மச்சான் அப்படித்தான் வந்தாராம். சொல்லிட்டு வந்துடுங்களேன். வாயில வர்ற வார்த்தைதானே?"

"அந்தச் சட்டை என்னுது இல்லடி."

"எனக்குத் தெரியாதா? உங்க கழுத்து அளவு எனக்குத் தெரியாதா? ஊருக்காக ஒரு பொய் சொல்லிட்டு வாங்கன்னுதானே சொல்றேன்!"

"வந்து? கொலைகாரன் கடையில யாரு துணி போடுவா?"

அடுத்த மாதம் வருகிறேன் என்று அவள் கிளம்புவாள். வீட்டுக்கு வரவேண்டும், ஆனால் சட்டை தன்னுடையது அல்ல என்ற சொல்லோடு வரவேண்டும். மடிப்புக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். அந்தச் சொல்லும் போய்விட்டால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. சிறையில் எத்தனையோ பேர் செய்யாததைச் செய்தேன் என்று சொல்லி வெளியே போனார்கள். மடிப்பு அவர்கள் போட்டுக்கொண்டு போகும் துணிக்கும் இஸ்திரி போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளேயே இருந்தான்.

ஒரு வக்கீலம்மா வந்தார். இலவசமாக வழக்கு நடத்துகிறவர், வயது குறைவு. அவருக்கு நடைமுறை எதுவும் தெரியாது என்பதால் நேராக விஷயத்துக்கு வந்தார். "அண்ணே, சட்டையில இருக்கிற ரத்தம் செத்துப்போனவரோடது. சரி. ஆனா காலர்ல வியர்வை இருக்குமே, அது போட்டவனோடது. அதை டி.என்.ஏ. பரிசோதனை பண்ணினா?"

இத்தனை வருஷமாக இது யாருக்குமே தோன்றவில்லையா என்று மடிப்பு கேட்டான். தோன்றியிருக்கும், தோன்றினால் வேலை கூடும் என்பதால் விட்டிருப்பார்கள் என்றார் வக்கீலம்மா.

பரிசோதனை நடந்தது. காலரில் இருந்த வியர்வை வேறு ஓர் ஆணுடையது. சட்டையின் எந்த மூலையிலும் மடிப்பின் அடையாளம் ஒரு துளிகூட இல்லை. இருப்பதற்கும் வழியில்லை, அந்த மூட்டையை அவன் தொடவே இல்லையே! வக்கீலம்மா செய்தி சொன்னபோது மடிப்பு இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் ஒரு கட்டத்தில் அழுதான். சிறைக் கண்காணிப்பாளரின் சட்டைக் கை அன்று லேசாகக் கருகியது. அவர் அதைப் பெருந்தன்மையாக மன்னித்தார்.

"சந்தோஷம்ப்பா, மனசார சந்தோஷம்" என்றார் கண்காணிப்பாளர். "ஆனா ஒரு நடைமுறை இருக்கு. ஒருத்தனை உள்ள போடறதுக்குப் பரிசோதனையே வேண்டாம். வெளிய விடறதுக்கு ரெண்டு வேணும். அவசரப்பட்டு ஒரு நிரபராதியை வெளிய விட்டுட்டு, அப்புறம் அவன் குற்றவாளின்னு தெரிஞ்சா, அந்த நிரபராதிக்குத்தானே கெட்ட பேரு?"

மடிப்புக்குத் தலை சுற்றியது. சரிங்க என்றான். பெரிய மனிதர்கள் நிதானமாகப் பேசும்போது சரிங்க என்று சொல்லிவிடுவது அவன் பழக்கம். ஜீப்பில் ஏறியதும் அந்தப் பழக்கத்தால்தான்.

இரண்டாவது பரிசோதனைக்கு நாள் குறிக்கும்வரை சட்டை சான்றுப்பொருள் அறைக்குப் போனது. அந்த அறையைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். ஒரு காலத்தில் ஆய்வுக்கு வந்த பெரிய அதிகாரி ஒருவர் அந்த அறைக்குள் நுழைந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நீதியின் இருப்பிடம் நாறலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஆய்வுக்கு முன்னால், அறையிலுள்ள துணிமணிகள் எல்லாம் சிறைச் சலவைக்கூடத்துக்கு வந்து, துவைத்து, இஸ்திரி போட்டு, மணமாகத் திரும்பிப் போகும். சட்டத்தின் கை நீளமானது என்பார்கள். இங்கே அது சுத்தமாகவும் இருந்தது.

அந்த மூட்டைகள் ஏதோ ஆஸ்பத்திரித் துணி என்று மடிப்பு நினைத்திருந்தான். ரத்தக் கறையைப் போக்குவதில் அவன் கெட்டிக்காரன். குளிர்ந்த தண்ணீர், உப்பு, பொறுமை. எத்தனையோ வழக்குகளின் ரத்தத்தை அவன் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் எடுத்திருந்தான். எந்த வழக்கிலும் துப்புத் துலங்காததற்கு இன்ன காரணம் என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியவில்லை. அவனுடைய சட்டை மட்டும் மேல்முறையீடு காரணமாக நீதிமன்ற அலமாரியிலேயே கிடந்ததால் இதுவரை தப்பித்திருந்தது.

அந்த ஆண்டு மூட்டையை அவிழ்த்தபோது, மேலேயே வெள்ளைச் சட்டை இருந்தது.

மடிப்பு உடனே அடையாளம் கண்டுகொண்டான். கனவில் எத்தனை முறை பார்த்திருக்கிறான்! பெற்ற பிள்ளையைக் கிணற்றுக் கரையில் பார்த்தவன் போலப் பாய்ந்து எடுத்தான்.

"ஐயா, இதைத் துவைக்கக் கூடாதுங்க" என்று காவலரிடம் ஓடினான். "இது என் சட்டை. என் சட்டை இல்லைங்க, என் வழக்கோட சட்டை. தண்ணியில போட்டா எல்லாம் போயிடும்."

"போகணும்னுதானே துவைக்கிறோம்?"

"இதுல இருக்கிற அழுக்குதாங்க எனக்குச் சாட்சி!"

காவலர் வாழ்நாளில் கேட்டிராத வாக்கியம் அது. சற்று யோசித்துவிட்டு, "துணின்னா துவைக்கணும். உத்தரவு" என்றார்.

மடிப்பு துவைக்கவில்லை. பிறந்ததிலிருந்து ஓர் அழுக்குக் காலரை அப்படியே விட்டுவைத்தது அதுதான் முதல் தடவை. சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு இஸ்திரிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டான். இழுத்துப் பார்த்தார்கள், விடவில்லை. திட்டிப் பார்த்தார்கள், அசையவில்லை. பணி மறுத்த குற்றத்துக்காகத் தனியறையில் அடைத்தார்கள். அங்கேயும் சட்டை அவன் மார்பில்தான் இருந்தது. ஆய்வு முடிந்து வக்கீலம்மா ஓடிவந்து கேட்டபோது, துவைக்காத சட்டையை அவர் கையில் கொடுத்தான். தன் வாழ்க்கையில் செய்த ஒரே வீரச் செயல் என்று பெருமைப்பட்டான்.

இரண்டாவது பரிசோதனை முடிவு வந்தது. காலரில் அந்த முன்பின் தெரியாத ஆணின் வியர்வை இருந்தது. மற்ற இடமெல்லாம், தோளிலும் மார்பிலும் கையிலும், மடிப்பின் வியர்வை இருந்தது.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அவன் கூலி வாங்காமல் செய்திருந்தான்.

மறுபரிசீலனைக் குழு கூடியது. தலைவர் ஓய்வுபெற்ற பெரிய மனிதர், எதையும் இரு தரப்பாகப் பிரித்துப் பார்த்தே பழகியவர். ஆய்வாளர் மலர்ந்த முகத்தோடு எழுந்தார்.

"கொலை பண்ணினது ஒருத்தன்னு நினைச்சோம் ஐயா. ரெண்டு பேர்னு விஞ்ஞானம் சொல்லுது. நாங்க பாதிதான் கண்டுபிடிச்சிருந்தோம். அந்தப் பாதி இதோ உட்கார்ந்திருக்கு."

வக்கீலம்மா குதித்தார். "இந்த வியர்வை ஜெயில்ல ஒட்டினது! சாட்சியமா இருக்கிற சட்டையைக் குற்றவாளிகிட்டயே துவைக்கக் கொடுத்தது யாரு?"

"ஆய்வுக்கு முன்னால் சுத்தம் செய்வது நடைமுறை" என்றார் தலைவர். "நடைமுறையால் ஏற்பட்ட விளைவுகளை விசாரிக்கத்தான் இந்தக் குழு. நடைமுறையை விசாரிக்க அல்ல."

"சரி, அப்ப அந்த அறையில இருக்கிற மத்த துணியையும் சோதிங்க. எல்லாத்துலயும் இஸ்திரி போட்ட இவர் வியர்வைதான் இருக்கும். அப்பத் தெரியும்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. சோதித்தார்கள். வங்கிக் கொள்ளையில் கிடைத்த முகமூடி, கடத்தல் வழக்கின் போர்வை, தீ வைத்தவன் விட்டுப்போன கைக்குட்டை, எல்லாவற்றிலும் மடிப்புதான். அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்த ஒரு வழிப்பறியிலும் அவன் இருந்தான்.

இது போதாதா என்று வக்கீலம்மா தலைவரைப் பார்த்தார். ஆய்வாளர் அதற்குள் கண்கலங்கி நின்றார். "ஐயா, எங்க நிலையத்துல தீராத வழக்கெல்லாம் ஒரே நாள்ல தீர்ந்துடுச்சு. இவ்வளவு பெரிய ஆளை இத்தனை நாள் இஸ்திரி போட வெச்சிருந்தோமே!"

மடிப்பு எழுந்து, "அந்த வழிப்பறி நடந்தப்ப எங்கம்மாவுக்குக் கல்யாணமே ஆகலைங்க" என்றான். உட்காரச் சொன்னார்கள்.

அவனைக் காப்பாற்ற எழுந்தவர் யாரும் எதிர்பார்க்காத ஆள். சிறைக் கண்காணிப்பாளர் மேசையைத் தட்டினார். அநியாயத்தைக் கண்டு அல்ல, அவமானத்தைக் கண்டு.

"என்ன பேசறீங்க? வங்கிக் கொள்ளை நடந்தது போன வருஷம். இவன் அப்ப என் ஜெயில்ல இருந்தான். ராத்திரி வெளிய போய்க் கொள்ளையடிச்சிட்டு, காலையில வந்து எனக்கு இஸ்திரி போட்டான்னு சொல்றீங்களா? என் ஜெயில்லேர்ந்து ஒரு எலி வெளிய போகாது. குற்றம் செய்யாதவன்கூடப் போக முடியாது!"

"விஞ்ஞானம் சொல்லுதுங்க" என்றார் ஆய்வாளர்.

"உம்ம விஞ்ஞானத்தைத் துவைச்சுக் காயப்போடும்!"

தலைவர் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பக்கம் கைதிகள் கொள்ளையடிக்கப் போய்வரும் சிறை. இன்னொரு பக்கம் சாட்சியத்தைத் துவைக்கும் நீதி. இரண்டில் எதை ஒப்புக்கொண்டாலும் பத்திரிகைக்காரர்கள் தூக்கிலே போட்டுவிடுவார்கள். எனவே குழு மூன்றாவது வழியைக் கண்டது. இரண்டாவது பரிசோதனை நடக்கவே இல்லை. முதல் பரிசோதனையே முடிவானது. மடிப்பு நிரபராதி.

விடுதலைக்கு விழா எடுத்தார்கள். மேடை விரிப்புக்கும் எல்லாருடைய சீருடைக்கும் மடிப்புதான் இஸ்திரி போட்டான். தலைவர் பேசினார்:

"இந்த வழக்கில் யாரும் தவறு செய்யவில்லை. யாருமே தவறு செய்யாமல் ஒரு நிரபராதி இத்தனை ஆண்டுகள் உள்ளே இருந்திருக்கிறார். இது நமது அமைப்பு எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டுகிறது. அவர் இங்கே இருந்த காலத்தில் ஒரு குற்றம்கூடச் செய்யவில்லை என்பதையும் நாம் பெருமையோடு குறிப்பிடவேண்டும்."

கைதட்டினார்கள். மடிப்பும் தட்டினான். கண்காணிப்பாளர் அவன் தோளைத் தொட்டு, நிஜமாகவே குரல் தழுதழுத்து, "இனி உன்னை மாதிரி ஆளுக்கு எங்கப்பா போவேன்? யாராவது நல்ல இஸ்திரிக்காரன் கொலை பண்ணினாத்தான் உண்டு" என்றார்.

வாசலுக்கு வந்தான். பெரிய இரும்புக் கதவில் ஆள் நுழையும் சின்னக் கதவு. அதன் கம்பிக்கு அந்தப் பக்கம் மனைவி நின்றிருந்தாள். திருவிழாவுக்குப் போகும் குழந்தை மாதிரி முகமெல்லாம் சிரிப்பு. நல்ல புடவை கட்டியிருந்தாள், அவளே போட்ட இஸ்திரி. முந்தானையில் ஒரு சுருக்கம் இருந்ததை மடிப்பு இங்கிருந்தே பார்த்தான். வீட்டுக்குப் போனதும் சரிசெய்யவேண்டும் என்று நினைத்தான்.

வாசல் அதிகாரி அவன் பொருள்களை எடுத்து வைத்தார். ஒரு சீப்பு. கடைச் சாவி. அப்புறம், பிளாஸ்டிக் உறைக்குள் அந்த வெள்ளைச் சட்டை.

"இது எதுக்குங்க?"

"வழக்கு முடிஞ்சாச்சு. யாருகிட்டேர்ந்து எடுத்தோமோ அவங்ககிட்டயே திருப்பிக் கொடுக்கணும். 'என் பொருள்களைப் பெற்றுக்கொண்டேன்'னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பு."

"இது என் பொருள் இல்லைங்க. இதுக்காகத்தானே…"

"உன்னுது இல்லாட்டி யாரோடது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க வந்திருக்கப் போறேன்?"

"பாருப்பா, அடுத்தவன் சொத்தை அரசாங்கம் வெச்சுக்க முடியாது. உடைமை பாக்கி இருந்தா ஆளை விடவும் முடியாது. எல்லாரும்தான் போடறாங்க. சும்மா ஒரு கையெழுத்து."

"நீங்களே வெச்சுக்கங்க, எரிச்சிடுங்க, என்னவோ பண்ணுங்க."

"அரசாங்கம் எரிக்குமா?" அதிகாரிக்கு உண்மையிலேயே மனம் புண்பட்டுவிட்டது.

மடிப்பு பேனாவைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். தன் சட்டை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போவதற்கு இத்தனை வருஷம் உள்ளே இருந்திருக்க வேண்டாமே! மனைவி என்ன சொல்வாள் என்று அவனுக்குத் தெரியும். வாயில் வரும் வார்த்தைதானே, சொல்லிவிட்டு வாருங்கள் என்பாள். அவன் மெல்லப் பேனாவை நோக்கிக் கை நீட்டினான்.

"போடாதீங்க!" என்றாள் மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு. "ஏங்க, போடாதீங்க. நான் எத்தனை தடவை சொல்லச் சொன்னேன்? நீங்க சொல்லலை. இத்தனை நாள் காப்பாத்திட்டு இன்னிக்கு வாசல்ல வந்து விட்டுடாதீங்க."

நீட்டிய கையை அவன் இழுத்துக்கொண்டான். அவளுக்குப் புரிந்திருக்கிறது. இவ்வளவு நாளும் புரிந்துதான் இருந்திருக்கிறது.

அவள் புத்திசாலி. ஒரு நிமிஷத்தில் வழியும் கண்டுபிடித்தாள். "சார், அது கடைக்குத் துவைக்க வந்த துணி. கடையை இப்ப நான்தான் நடத்தறேன். கடைக்காரின்னு நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன். சரிதானே?"

அதிகாரியின் முகம் தெளிந்தது. "அதானே! நீங்க போட்டா சரிதான்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "அப்ப இந்தச் சட்டை உங்க கடைக்கு வந்தது?"

"ஆமா."

"யாரு கொடுத்தா?"

"தெரியாதுங்க. ஆணியில மாட்டிட்டுப் போயிருந்தாங்க."

"ஓ. தெரியாது." அவர் எழுந்து சின்னக் கதவின் பூட்டைத் திறந்தார். ஒரு கையால் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். மற்றொரு கை தொலைபேசியை எடுத்தது. "உள்ள வாங்கம்மா, உட்காருங்க. ரெண்டே நிமிஷம்."

அவள் சிரித்தபடியே ஒரு காலைத் தூக்கி வாசற்படி மேல் வைக்கப்போனாள்.

"உள்ள வராதே!" என்று மடிப்பு கத்திய கத்தலில் மேலே கோபுரத்துக் காவலர் எட்டிப் பார்த்தார். பாய்ந்துபோய்ப் பேனாவைப் பிடுங்கினான். "சட்டை என்னுதுங்க. கடைக்கு வரல, என்னுதுதான். இவளுக்கு ஒண்ணும் தெரியாது. எங்க போடணும்? இங்கயா?"

போட்டான். அதிகாரி தொலைபேசியைக் கீழே வைத்தார். கையெழுத்தைப் பார்த்தார், விடுதலை உத்தரவைப் பார்த்தார். சட்டை இவனுடையது இல்லை என்று உத்தரவு சொல்லிற்று. இவனுடையதுதான் என்று இவனே சொல்லிவிட்டான். இப்படி முரண்பாடு இருந்தால் ஆளை விடக்கூடாது என்பது நடைமுறை. அவர் சின்னக் கதவை, அவள் முகத்துக்கு நேரே, மரியாதையாகச் சாத்தினார்.

"இதை முதல் நாளே சொல்லியிருந்தா யாருக்கும் இவ்வளவு சிரமம் இல்லையேப்பா" என்றார்.

கதவில் அவள் தட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது. "ஏங்க… ஏங்க…" என்ற குரல் கேட்டது. மடிப்பு திரும்பிப் பார்க்காமல் நடந்தான். திரும்பினால் அவள் உள்ளே வந்துவிடுவாள் என்று பயந்தான். வழியில் கண்காணிப்பாளர் அவனைக் கண்டு ஒன்றும் கேட்கவில்லை. சந்தோஷத்தை மறைக்க அவர் பட்ட பாடு பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

சாயங்காலம் மடிப்பு அந்தச் சட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்தான். தன்னுடையது என்று ஆகிவிட்ட பிறகு அதை அழுக்காக வைத்திருக்க அவனுக்கு மனம் வரவில்லை. பழைய கறை, லேசில் போகவில்லை. பொறுமையாகக் கசக்கினான். காலரைத் தனியாகத் தேய்த்தான். காய்ந்ததும் இஸ்திரி போட்டு, கை இரண்டையும் பின்னால் மடித்து, சலவைக்கூடத்து வாசலில் இருந்த ஆணியில் மாட்டினான். சொந்தக்காரன் வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்க வசதியாக இருக்கும்.